கிளினிக் மாத்திரை வீட்டருகே உள்ள பார்மசியில் கிடைக்குமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு வாசகர்: "அம்மாவுக்கு 68 வயது. பிரஷர், சுகர் மாத்திரைக்காக மாதாமாதம் அரசு கிளினிக் வரிசையில் நிற்கிறார். பக்கத்து பார்மசியில் வாங்க வழி உண்டா?"

உண்டு. 2014-இல் தொடங்கிய அரசுத் திட்டம். இப்போது டப்லாப்மெட்ஸ் என்று அழைக்கிறார்கள். கிளினிக் எழுதும் மருந்து, பெயர் ஒட்டிய பொட்டலமாக நீங்கள் தேர்ந்தெடுக்கும் பார்மசிக்கு வந்துவிடும். காசு கிடையாது. ஆனால் பார்மசியில் போய்ப் பதிய முடியாது, கிளினிக்கில்தான் தொடங்க வேண்டும். பிரஷரும் சுகரும் கட்டுக்குள் இருந்தால்தான் சேர்ப்பார்கள். பிரஷர் அடுத்தடுத்த இரண்டு முறை 140/90-க்குக் கீழே இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அம்மா இன்சுலினும் போடுகிறார் என்றால், அதுவும் இதில் வருமா என்று அங்கேயே கேளுங்கள்.

சிக்கல் பெரும்பாலும் பெயரிலும் போன் நம்பரிலும்தான் வருகிறது. அடையாள அட்டையில் கணவர் வீட்டுப் பெயர், கிளினிக் கோப்பில் பிறந்த வீட்டுப் பெயர் என்று இருந்தால் பார்மசியில் பொட்டலத்தைத் தேடித் தவிப்பார்கள். பதியும் நாளிலேயே இரண்டையும் ஒன்றாக்கிவிடுங்கள். நம்பர் மாறினால், பொட்டலம் வந்துவிட்டது என்று சொல்லும் எஸ்எம்எஸ் வராது. வராவிட்டாலும் கிளினிக் அட்டையில் எழுதிய தேதியில் போய்விடுங்கள். எடுக்காத பொட்டலம் திரும்பிப் போய்விடும், பிறகு மறுபடி கிளினிக் வரிசைதான். அம்மாவால் நடக்க முடியாத நாளுக்காக, யார் வந்து வாங்கலாம் என்பதையும் முன்கூட்டியே பதிந்து வையுங்கள்.

பொட்டலத்தைக் கவுண்டரிலேயே பிரித்துப் பாருங்கள். டாக்டர் அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரையை 5 மில்லிகிராமிலிருந்து 10 ஆக்கியிருந்தும், முன்பே கட்டிய பொட்டலத்தில் பழைய அளவு இருக்கலாம். அப்படியென்றால் நீங்களாகவே இரண்டு மாத்திரை கொடுத்துவிடாதீர்கள். பார்மசிஸ்டிடம் காட்டிக் கேளுங்கள்.

கிளினிக் எழுதித் தரும் மருந்துச் சீட்டு வழக்கமாக 6 மாதத்துக்குத்தான். கடைசிப் பொட்டலம் கைக்கு வந்தவுடனே கிளினிக்கில் தேதி வாங்குங்கள். இந்த இடத்தில்தான் பலருக்கு மருந்து விட்டுப்போகிறது, அதுவும் சுகமாக இருப்பதாகத் தோன்றும்போது.

அப்படியும் மாத்திரை தீர்ந்துவிட்டால், பழைய சீட்டோடு தனியார் பார்மசிக்குப் போங்கள். தொடர்ந்து சாப்பிட வேண்டிய மருந்து என்று பார்மசிஸ்டுக்கு உறுதியானால், ஒரே ஒரு தடவை 30 நாள் வரைக்கும் கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. இதற்குக் காசு உண்டு. விலை குறைந்த ஜெனரிக், அதாவது அதே மருந்து வேறு பெயரில், இருந்தால் அவர் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள். மருந்தின் அடிப்படை விலை எங்கும் ஒன்றுதான். அதன்மேல் பார்மசி போடும் கட்டணத்துக்கு உச்சவரம்பு மட்டுமே உண்டு என்பதால், இரண்டு கடையில் விசாரித்து வாங்குங்கள்.