மழை வருஷத்து பரோலோ

அன்புள்ள ஆசிரியருக்கு,

டூரினில் முதுகலை படிக்கிறேன். போன மாதம் என் வீட்டுக்காரம்மா இரவுச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். அவருடைய அண்ணன் 2014 பரோலோ (இந்தப் பக்கத்துச் சிவப்பு ஒயின்) ஒன்றைத் திறந்தார். ஒயின் எனக்கு அதிகம் பழக்கமில்லை. ஆனாலும் வாடிய ரோஜா வாசமும் லேசான தார் வாசமுமாக மிகவும் பிடித்திருந்தது. மறுநாள் இத்தாலிய நண்பனிடம் சொன்னால், "2014ஆ? அது மழை வருஷமாச்சே" என்று சிரிக்கிறான். இணையத்தில் ஒவ்வொரு ஆண்டின் ஒயினுக்கும் மதிப்பெண் போடும் விண்டேஜ் அட்டவணைகளைப் பார்த்தேன், அங்கேயும் குறைந்த மதிப்பெண்தான். வருஷம் கெட்டால் ஒயினும் கெட்டதுதானா? இல்லை, என் நாக்குக்குத்தான் விவரம் போதவில்லையா?

ஒரு வாசகன், டூரின்

அன்புள்ள நண்பருக்கு,

மதுவைப் பற்றி எழுதினால் எனக்கு நாலு திட்டுக் கடிதம் நிச்சயம். பரவாயில்லை, கேள்வி நல்ல கேள்வி.

உங்கள் நாக்கில் குறையில்லை, நண்பர் சொன்னதும் பொய்யில்லை. 2014 ஜூலையில் பரோலோ மலைச்சரிவுகளில் மழையும் குளிரும்தான். சில இடங்களில் ஆலங்கட்டியும் விழுந்தது. பரோலோவை நெபியோலோ என்ற ஒரே திராட்சையிலிருந்துதான் செய்ய வேண்டும் என்பது சட்டம். அந்தக் கொடி மற்ற வகைகளுக்கு முந்தித் துளிர்விடும். பழுப்பதோ கடைசியில், பெரும்பாலும் அக்டோபரில். அதனால் பருவத்தில் எது கெட்டாலும் அடி இதன் மேல்தான். ஆனால் இதே தாமதம்தான் அதைக் காப்பாற்றவும் செய்கிறது. அதே சரிவுகளில் வளரும் தோல்செத்தோ என்ற இன்னொரு திராட்சையைச் செப்டம்பரில் பறித்துவிடுவார்கள். நெபியோலோவுக்கு இன்னும் சில வாரம் கையில் இருக்கும். 2014 செப்டம்பரில் வெயில் திரும்பியபோது அந்த வாரங்கள்தான் உதவின.

மழை என்ன செய்யும்? வேர் குடித்த நீரில் பழம் உப்பி, சாரம் நீர்த்துப்போகும். ஈர இலையில் அடிச்சாம்பல் நோய் வரும், நெருக்கமான கொத்து உள்ளுக்குள்ளேயே அழுகும். குளிர் வருஷத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. தோலிலும் விதையிலும் இருக்கும் துவர்ப்பு முதிராது. நெபியோலோவுக்கு இயல்பிலேயே துவர்ப்பு அதிகம். அதுவும் முதிராமல் போனால் கொய்யாப்பிஞ்சைக் கடித்த மாதிரி வாய் இழுத்துக்கொள்ளும். இதற்கு மருந்து கத்தரிக்கோல்தான். கொத்துகளைப் பச்சையாகவே வெட்டிக் கீழே போட்டு, இலைகளைக் கிள்ளிக் காற்றோட்டம் உண்டாக்கி, அறுவடையில் மறுபடி ஒவ்வொரு கொத்தாகக் கழிக்க வேண்டும். ஹெக்டேருக்கு 8 டன் வரை எடுக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. மழை வருஷத்தில் அந்த அளவை எட்ட நினைப்பவரின் பரோலோவை நான் வாங்கமாட்டேன்.

இதில் எனக்குப் பிடித்த கதை 2014 இல்லை, 2002. அது இதைவிட மோசம். கோடை முழுக்க மழை, செப்டம்பர் தொடக்கத்தில் ஆலங்கட்டி. பல தோட்டக்காரர்கள் அந்த ஆண்டு பரோலோவே வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். நெபியோலோவிலேயே ஒயின் செய்யும் பக்கத்து வட்டாரமான பார்பரெஸ்கோவில் பெரிய பெயரான புரூனோ ஜக்கோசாவும் 2002ஐப் போத்தலில் அடைக்கவில்லை. பரோலோ செய்யும் மொன்ஃபோர்தெ ஊரில், ஜக்கோமோ கொன்தெர்னோ என்ற ஒயின் வீட்டின் நிலவறையில் நடந்தது வேறு. அவர்களுக்குச் செர்ராலுங்கா ஊரில் கஷீனா ஃப்ரான்சியா என்ற தோட்டம், 1974இல் வாங்கியது. வழக்கமாக அதிலிருந்து ஒரு பரோலோ வரும். சிறந்த ஆண்டுகளில் மட்டும் மொன்ஃபோர்தினோ என்ற ரிசர்வாவும் (கூடுதல் காலம் வைத்துப் பழக்கும் ஒயின்) வரும், பெரிய மரப்பீப்பாயில் ஏறத்தாழ ஏழு வருஷம் கிடந்த பிறகு. 2002இல் வழக்கமான பரோலோவை நிறுத்திவிட்டு, தேறிய பழத்தையெல்லாம் மொன்ஃபோர்தினோ ஆக்கினார்கள். ஊரே கைகழுவிய ஆண்டில் தங்கள் உச்ச ஒயினை மட்டும் செய்வதென்றால் ஒன்று திமிராக இருக்க வேண்டும், இல்லை தோட்டத்தின் ஒவ்வொரு வரிசையும் தெரிந்திருக்க வேண்டும். அந்த வீட்டை நடத்திய அப்பா ஜொவான்னி 2004இல் காலமானார். அந்த 2002 மொன்ஃபோர்தினோ போத்தலில் வெளிவந்தபோது மகன் ரொபெர்த்தோதான் பொறுப்பில் இருந்தார். இன்று அது அந்த வீட்டின் பெரிய ஒயின்களில் ஒன்றாகப் பேசப்படுகிறது. நான் குடித்ததில்லை. மொன்ஃபோர்தினோ விலை ஆயிரம் யூரோவைத் தாண்டும், எழுதிப் பிழைப்பவனுக்குக் கட்டாது.

அடுத்த ஆண்டு, 2003, கொளுத்தும் வெயில். பழம் நன்றாகவே பழுத்தது, மொன்ஃபோர்தினோ மட்டும் வரவில்லை. விமர்சகர்கள் கொண்டாடிய 2007இலும் வரவில்லை. உங்கள் 2014இல் வந்தது! அந்த வீட்டுக் கணக்கும் அட்டவணைக் கணக்கும் எங்கே ஒத்துப்போகின்றன, பாருங்கள்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது ஒரே பானைக்குத்தான். பரோலோ பதினொரு ஊர்களின் ஒயின். ஒரு சரிவில் விழுந்த ஆலங்கட்டி அடுத்த சரிவில் விழுந்திருக்காது. 2014இல் பார்பரெஸ்கோவுக்கு மழை குறைவு, அங்கே பலருக்கு அது நல்ல ஆண்டு. இதையெல்லாம் ஒற்றை எண்ணில் அடைத்தால் கிடைப்பது சராசரி, யாரும் சராசரியைக் கோப்பையில் ஊற்றிக் குடிப்பதில்லை.

ஆனால், மழை வருஷம் என்றாலே அருமை என்று எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடாதீர்கள். சில ஆண்டுகள் முன்பு மலிவாகக் கிடைத்ததே என்று ஒரு 2002 பரோலோ வாங்கினேன். செய்தவர் பெயர் வேண்டாம். வெளிறிப்போன டீத்தண்ணீர், முடிவில் வெறும் கசப்பு. பாதிக்கு மேல் சமையலுக்குப் போனது.

இதில் காசு விஷயமும் இருக்கிறது. பாதிக் கொத்தைத் தரையில் போடவும், மிச்சத்தை வருஷக்கணக்கில் பீப்பாயில் பூட்டிவைக்கவும் எல்லோராலும் முடியாது. பழத்தைக் கிலோ கணக்கில் விற்றுப் பிழைக்கும் சின்ன விவசாயிக்கு வெட்டி விழும் ஒவ்வொரு கொத்தும் கைக்காசு. டஸ்கனியில் பியோந்தி சாந்தி என்ற ஒயின் வீடு தன் புகழ்பெற்ற சிவப்பு ஒயினான புரூனெல்லோவை 2014க்கு வெளியிடவே இல்லை. அந்த முடிவை எடுக்கவும் பின்னால் ஒரு பெரிய பெயர் இருக்க வேண்டும். மழை வருஷத்து அருமையான ஒயினைப் புகழ்பவர்கள், நான் உட்பட, இதைச் சௌகரியமாக மறந்துவிடுகிறோம்.

உங்களுக்கு ஊற்றியது யார் செய்தது, எந்த ஊர்த் தோட்டம் என்று நீங்கள் எழுதவில்லை. எனக்கு ஆண்டைவிட அதுதான் முக்கியம். போத்தல் இன்னும் குப்பைக்குப் போகாமல் இருந்தால் வீட்டுக்காரம்மாவிடம் கேட்டு லேபிளைப் படம் எடுத்து அனுப்புங்கள்.

அன்புடன்