மூன்றரை வயது மகனுக்கு ‘ர’, ‘ழ’ வரவில்லை, சில நேரம் திக்குகிறான். “அவன் அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்” என்கிறார் மாமியார். டாக்டரிடம் காட்ட வேண்டுமா?

‘ர’, ‘ழ’வுக்காக இப்போதே அலைய வேண்டாம். ஆனால் காதை மட்டும் ஒருமுறை சோதித்துவிடுங்கள், அதைத் தள்ளிப்போட வேண்டாம்.

நான் மழலையர் பள்ளி ஆசிரியை, பேச்சுப் பயிற்சியாளர் இல்லை. வகுப்பில் பார்த்ததையும், பிள்ளைகளை அனுப்பிய இடங்களில் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் வைத்துச் சொல்கிறேன்.

ரயிலை ‘லயில்’ என்பதும் பழத்தைப் ‘பயம்’ என்பதும் இந்த வயதில் சாதாரணம். நாக்குக்குக் கஷ்டமான ஒலிகள் பிந்தித்தான் வரும். ‘ழ’ விஷயத்தில் வீட்டுப் பெரியவர்கள் பேசுவதையும் கொஞ்சம் கவனியுங்கள். எங்கள் பக்கம் முக்கால்வாசிப் பேருக்கு அது ‘வாளப்பளம்’தான். அதைக் கேட்டு வளரும் பிள்ளை வேறெப்படிச் சொல்வான்?

திக்குவதும் 2 முதல் 5 வயதுக்குள் நிறையப் பிள்ளைகளுக்கு வந்து போகிறது. “நான் நான் நான் போனேன்” என்று முழுச் சொல்லைத் திருப்பிச் சொன்னால் பேசாமல் காத்திருங்கள். “மெதுவாச் சொல்லு” என்று திருத்தினால் அவன் பேச்சைக் குறைத்துக்கொள்ளலாம். ஒலி அடைத்து நின்று முகம் இறுகினாலோ, ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தாலோ காட்டிவிடுங்கள்.

சரி, எதைப் பார்ப்பது? அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு மையமான சிடிசி 2022இல் திருத்திய குழந்தை வளர்ச்சிப் பட்டியல் எனக்குக் கைகொடுக்கிறது. 75 சதவீதக் குழந்தைகளாவது அந்தந்த வயதில் செய்பவற்றையே அதில் வைத்திருக்கிறார்கள். 3 வயதில் யார், என்ன, எங்கே, ஏன் என்று கேட்க வேண்டும், இரண்டு சுற்றாவது பதிலுக்குப் பதில் பேச வேண்டும், வெளியாருக்கும் பேச்சு பெரும்பாலும் புரிய வேண்டும். 4 வயதில் நான்கு சொல்லாவது உள்ள வாக்கியம், அன்று நடந்த ஒன்றையாவது சொல்வது. அந்த நான்கு சொல் கணக்கைத் தமிழில் விரல்விட்டு எண்ணாதீர்கள். “ஸ்கூல்லேருந்து வந்துட்டேன்” இரண்டே சொல்தான். ஆனால் எங்கிருந்து, யார், எப்போது எல்லாம் அந்த விகுதிகளுக்குள் இருக்கின்றன. இவ்வளவு சொல்லும் பிள்ளைக்கு உச்சரிப்பு மட்டும் மழலையாக இருந்தால் நான் பயப்பட மாட்டேன்.

பள்ளியில் ஆங்கிலம், வீட்டில் தமிழ் என்பதால் குழம்புகிறான் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை. அவனுக்குத் தெரிந்த சொற்களை எண்ணும்போது இரண்டையும் சேர்த்து எண்ணுங்கள்.

மாமியார் சொல்வதும் பொய்யில்லை, தாமதப் பேச்சு குடும்பத்தில் வரக்கூடியதுதான். ஆனால் அதை நம்பிக் காதை விட்டுவிடக் கூடாது. சளி பிடித்த பிறகு சில பிள்ளைகளுக்குச் செவிப்பறைக்குப் பின்னால் நீர் தங்கிவிடும். பெரும்பாலும் வலிக்காது, அதனால் யாருக்கும் தெரியாது. பிள்ளைக்குச் சத்தம் மங்கலாகவே கேட்கும். என் வகுப்பில் ஒரு பையன் முகத்தைப் பார்த்துச் சொன்னால் செய்வான், பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பவே மாட்டான். வீட்டில் பிடிவாதக்காரன் என்று பெயர். இ.என்.டி. மருத்துவர் பார்த்தபோது இரண்டு காதிலும் நீர். பிறந்தபோது செய்த சோதனை சரியாக இருந்திருந்தாலும் இது பிறகு வரலாம்.

இ.என்.டி.யிடம் காட்டினால் கேட்புத் திறன் சோதனைக்கு எழுதித் தருவார். அரசு மருத்துவமனை என்றால், பிள்ளைகளின் வளர்ச்சித் தாமதத்தைப் பார்க்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம் எங்கே என்று கேளுங்கள், செலவில்லை. சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்கு முட்டுக்காட்டில் நிப்மெட் என்ற மத்திய அரசு மறுவாழ்வு நிறுவனம் இருக்கிறது. தனியாரிடம் பேச்சுப் பயிற்சிக்குப் போனால் அவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

இன்னொரு விஷயத்திலும் காத்திருக்கவே கூடாது: பேசிக்கொண்டிருந்த சொற்களைப் பிள்ளை விட்டுவிட்டால், எந்த வயதானாலும் உடனே குழந்தை மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.