குழி விழுந்த மெத்தை அம்மாவுக்கா?

கேள்வி: எனக்கு 43 வயது, திருச்சியில் வேலை. ஒன்பது வருடம் பழைய எங்கள் தேங்காய்நார் மெத்தை நடுவில் குழி விழுந்துவிட்டது, காலையில் எழுந்தால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. அதை அம்மா அறைக்கு மாற்றிவிட்டோம். (அம்மாவுக்கு 72 வயது. மெத்தை இருந்தும் பாதி ராத்திரியில் கீழே பாயை விரித்துப் படுத்துக்கொள்கிறார், பழக்கம் அப்படி.) புது மெத்தைக்கு 40,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். மெமரி ஃபோமா, லேட்டக்ஸா, ஸ்பிரிங்கா? மெமரி ஃபோம் நாசா கண்டுபிடித்தது என்கிறார் கடைக்காரர். எவ்வளவு கெட்டியாக இருக்கவேண்டும், எப்படிப் பராமரிப்பது?

பதில்: தம்பி, நீங்கள் அனுப்பியது நான்கு பக்கக் கடிதம், மேலே இருப்பது அதன் சுருக்கம். ஸ்பிரிங் எத்தனை, ஃபோம் அடர்த்தி எவ்வளவு, எந்தக் கம்பெனி எத்தனை வருட வாரண்டி தருகிறது என்று பக்கம் பக்கமாக விசாரித்திருக்கிறீர்கள். அம்மாவுக்கு ஒரே ஒரு வரி, அதுவும் அடைப்புக்குறிக்குள். நான் அந்த வரியைத் தாண்டி மேலே போகமுடியாமல் நிற்கிறேன்.

43 வயதில் உங்கள் இடுப்பைப் பிடிக்கிற மெத்தை 72 வயது இடுப்பை என்ன செய்யும் என்று நினைத்து அந்த அறைக்குத் தூக்கிக்கொண்டு போனீர்கள்? பழக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். பழக்கம் என்றால் படுக்கப் போகும்போதே பாயில் படுப்பார். பாதி ராத்திரியில் எழுந்து, இருட்டில் பாயைத் தேடி எடுத்து விரிக்கிறார் என்றால் அந்தக் குழிக்குள் கிடக்க முடியவில்லை என்று அர்த்தம். உங்களிடம் சொல்லமாட்டார். சொன்னால் பையனுக்குச் செலவு என்று நினைப்பார். இந்த மாதிரிக் கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. ஃப்ரிட்ஜ், டிவி, மெத்தை, எது பழசானாலும் அடுத்து போய்ச் சேருகிற இடம் அம்மா அறை. வீட்டில் யாருக்கும் அது தப்பாகவே படுவதில்லை. எனக்குப் படுகிறது.

தரையிலிருந்து ஒருவர் எழுவதைக் கவனித்துப் பாருங்கள். ஒரு பக்கமாகப் புரண்டு, கையை ஊன்றி, ஒரு முட்டியை மடக்கி அதன் மேல் பாரத்தைப் போட்டு, கட்டில் காலையோ சுவரையோ பிடித்துக்கொண்டுதான் நிமிரவேண்டும். பாத்ரூம் போகிற ஒவ்வொரு தடவையும், அரைத் தூக்கத்தில், உங்கள் அம்மா இதைச் செய்கிறார். அதில் கால் தடுமாறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் ஆஸ்பத்திரிச் செலவுக்கு உங்கள் 40,000 எந்த மூலைக்கு? அந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்தவர்கள் பலர் பழையபடி நடமாடுவதே இல்லை. அதனால் முதல் மெத்தை அம்மாவுக்கு. மீதி இருக்கிற பணத்தில் உங்களுக்கு. போதவில்லையென்றால் இரண்டு மாதம் கழித்து வாங்குங்கள்.

அம்மாவுக்கு எது வாங்குவது? முதலில் உயரத்தைப் பாருங்கள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் படியவேண்டும், முட்டி இடுப்பை விட மேலே போகக்கூடாது. கட்டில் 18 அங்குலம், அதன் மேல் 8 அங்குல மெத்தை என்றால் மொத்தம் 26 அங்குலம், ஐந்தடி உயரமுள்ள அம்மாவுக்குக் கால் தொங்கும், இறங்கும்போது வழுக்கும். கடைக்காரர்கள் தடிமனைக் காட்டித்தான் விலை சொல்வார்கள், மயங்காதீர்கள். அப்புறம், ஓரம் கெட்டியாக இருக்கிறதா என்று பாருங்கள், வயதானவர்கள் ஓரத்தில் உட்கார்ந்துதான் எழுவார்கள். மெமரி ஃபோம் அவருக்கு வேண்டாம். உடம்புச் சூட்டுக்கு இளகி உள்வாங்கிக்கொள்ளும், கையை எடுத்தால் மெதுவாகத்தான் மேலே வரும், அதனால் புரண்டு படுக்கத் தனி பலம் வேண்டும். சூட்டையும் பிடித்து வைத்துக்கொள்ளும். நாசா விஷயம் உண்மைதான், 1960களில் விமான இருக்கை மெத்தைக்காகச் செய்தார்கள். திருச்சியின் மே மாதத்தில், ஏசி இல்லாத அறையில் படுப்பதற்கு அது உதவாது. அந்த அறையில் ஏசி உண்டா இல்லையா என்றும் நீங்கள் எழுதவில்லை.

இலவம்பஞ்சைப் பற்றி உங்கள் நான்கு பக்கத்தில் ஒரு வார்த்தை இல்லை. போடிநாயக்கனூர்ப் பக்கம் இன்றைக்கும் நல்ல பஞ்சு கிடைக்கிறது. லேசாக இருக்கும், ஈரத்தை எளிதில் இழுக்காது, சூடு தேங்காது. நெருக்கமாக அடைத்துத் தைத்த 4 அங்குல மெத்தை அம்மாவுக்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன். ஆனால் வேலை வாங்கும். மாதம் ஒரு தடவை வெயிலில் போட்டுத் தட்டவேண்டும், சில வருடங்களில் பஞ்சு கட்டி கட்டியாகும், பிரித்து அடித்துத் திரும்பத் தைக்கவேண்டும். மாடிக்குத் தூக்கிக்கொண்டு போவது உங்கள் வேலை, அவர் வேலை இல்லை. அது ஆகாது என்றால் ரொம்பக் கல்லாகவும் இல்லாத, அமுங்கவும் செய்யாத தேங்காய்நார் மெத்தையில் மேலே மெல்லிய ஃபோம் வைத்தது வாங்குங்கள். எதை வாங்கினாலும் அம்மாவைக் கடைக்குக் கூட்டிப்போய் அவர் எப்படிப் படுப்பாரோ அப்படியே பத்து நிமிஷம் படுக்கச் சொல்லுங்கள். "எனக்கு எதுக்குப்பா, உனக்குப் பாரு" என்பார். காதில் வாங்காதீர்கள்.

புது மெத்தை வந்த பிறகும் பாயில்தான் படுப்பேன் என்றால், சரி, அப்போது அது பழக்கம். தாழ்வான கட்டிலாகப் பார்த்து அதன் மேல் பாயை விரித்துக் கொடுங்கள்.

இனி உங்கள் இடுப்பு. கல் மாதிரி இருந்தால்தான் முதுகுக்கு நல்லது என்பதை நம்பாதீர்கள். 2003இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஒரு ஸ்பெயின் ஆய்வில், நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 313 பேரை இரண்டு பிரிவாக்கி 90 நாள் படுக்கவைத்துப் பார்த்தார்கள், ரொம்பக் கெட்டியான மெத்தையில் படுத்தவர்களை விட நடுத்தரக் கெட்டியில் படுத்தவர்களுக்கு வலி கூடுதலாகக் குறைந்தது. நடுத்தரத்தையே பாருங்கள். ஒருக்களித்துப் படுப்பவர் என்றால் தோள் கொஞ்சம் அமுங்க இடம் வேண்டும், லேட்டக்ஸ், அதாவது ரப்பர் பாலில் செய்த மெத்தை, அதற்கு நன்றாக இருக்கும். பணம் இழுத்தால் ஸ்பிரிங் போதும். வாங்குவதற்கு முன் பழைய மெத்தை கிடந்த கட்டில் பலகையைக் கையால் அழுத்திப் பாருங்கள். பலகை தொய்ந்திருந்தால் எந்த மெத்தையும் அதில் குழி விழும்.

பராமரிப்பு பெரிய விஷயமில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை தலைமாட்டைக் கால்மாடாகத் திருப்புங்கள். ஈரம் இறங்காத உறை போடுங்கள், கறை பட்ட மெத்தைக்குப் பல கம்பெனிகள் வாரண்டி தருவதில்லை. லேட்டக்ஸை நேர் வெயிலில் போடாதீர்கள், காய்ந்து உதிர்ந்துவிடும், நிழலில் காற்றாட வையுங்கள். அம்மா மெத்தைக்கும் உறை போடுங்கள், ராத்திரியில் அவசரமாகி நனைந்துவிட்டால் அவர் உங்களிடம் சொல்லக் கூசுவார்.

அந்தக் குழி விழுந்த மெத்தையை வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்குக் கொடுத்துவிடலாம் என்று அடுத்த யோசனை வரும். வேண்டாம். அவருக்கும் இடுப்பு உண்டு, உங்களை விட அதிகமாக வளைகிற இடுப்பு. மாநகராட்சி வண்டியில் ஏற்றி விடுங்கள்.