வளைகுடாவில் வளர்ந்து ஊர் திரும்பும் பிள்ளைகள்: கேள்வி பதில்

வளைகுடா நாடுகளில் வளர்ந்து, ஒன்பதாவதிலோ பிளஸ் ஒன்னிலோ தமிழ்நாட்டுப் பள்ளிக்கு வந்து சேரும் பிள்ளைகளுக்குப் பள்ளி ஆலோசகராகப் பல வருடங்கள் துணையாக இருந்திருக்கிறேன். என்னிடம் வந்த கேள்விகளில் சில இங்கே.

மஸ்கட்டிலிருந்து வந்து நாலு மாசம் ஆகுது. முதல்ல சந்தோஷமா இருந்த பையன் இப்ப அறையை விட்டே வர்றதில்ல. "எப்ப வீட்டுக்குப் போவோம்"ங்கிறான். இதுதானே அவன் வீடு? (ஒரு அம்மா, கும்பகோணம்)

அம்மா, உங்களுக்குத்தான் அது சொந்த ஊர். அவனுக்கு அது கோடை லீவில் வந்துபோகும் பாட்டி வீடு. முதல் மாதம் லீவு மாதிரியே ஓடியிருக்கும். இனி மஸ்கட் கிடையாது என்பது அதற்குப் பிறகுதான் உறைக்கும். வெளிநாட்டில் இருந்துவிட்டு வருபவர்கள் ஊர் வந்ததும் மறுபடி ஒருமுறை சோர்ந்துதான் தேறுகிறார்கள் என்று 1963-லேயே அமெரிக்க ஆய்வாளர்களான கல்லஹார்ன் தம்பதியர் எழுதினார்கள். அவர்கள் பார்த்தது பெரியவர்களை. உங்கள் பையனோ, தான் எடுக்காத முடிவுக்காக வந்தவன்.

அங்கே வெள்ளி, சனி விடுமுறை. இங்கே சனி, ஞாயிறு. பழைய கூட்டாளிகளோடு பேச அவனுக்குக் கிடைப்பது சனி மட்டும்தான். தயவுசெய்து அன்றைக்கு டியூஷன் வைக்காதீர்கள். சாப்பாடும் தூக்கமும் வாரக்கணக்கில் கெட்டாலோ, "இருந்து என்ன பண்ண" என்பதுபோல் பேசினாலோ காத்திருக்க வேண்டாம். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்குக் கூப்பிடுங்கள். இலவசம், தமிழிலேயே பேசலாம்.

என் மகள் தாத்தாவை "நீ வா"ங்கிறா. அப்பா மனசு ஒடைஞ்சு போயிட்டார். (ஒரு அப்பா, திருநெல்வேலி)

சார், நீங்களும் உங்கள் மனைவியும் அவளிடம் "நீ வா, நீ சாப்பிடு" என்றுதானே பேசியிருப்பீர்கள்? வீட்டுக்குள் மட்டுமே தமிழ் கேட்ட பிள்ளைக்கு அந்த ஒரு வடிவம்தான் தெரியும். "வாங்க, போங்க" எல்லாம் கடையிலும் கல்யாண வீட்டிலும் காதில் விழுந்து வருவது. இதை முதலில் தாத்தாவிடம் சொல்லுங்கள். என்னிடம் வந்த ஒரு பெண், நோட்டின் கடைசிப் பக்கத்தில் "வா–வாங்க, உக்காரு–உக்காருங்க" என்று எழுதி வைத்துப் பழகினாள். பக்கத்து வீட்டு அஞ்சு வயசுக் குழந்தையையும் கொஞ்ச நாள் "வாங்க" என்றுதான் கூப்பிட்டாள். அவள் பேச்சுக்கு யாரும் சிரிக்காமல் வீட்டில் பார்த்துக்கொண்டார்கள், அதுதான் அவளைப் பேச வைத்தது.

பிளஸ் ஒன்ல தமிழ் எடுத்தே ஆகணுமா? (ஒரு அம்மா, திருச்சி)

மாநிலப் பாடத்திட்டத்தில் பிரெஞ்சு போன்ற வேறு மொழியும் எடுக்கலாம். சேரப்போகும் பள்ளியில் அது இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். கூடவே ஒன்று: எட்டிலிருந்து பன்னிரண்டு வரை இங்கேயே படிக்காதவர்களுக்குப் பொறியியல் கலந்தாய்வில், தமிழ்நாட்டைச் சேர்ந்தவர் என்பதைக் காட்டும் நேட்டிவிட்டி சான்றிதழ் தேவைப்படும். இ-சேவை மையத்தில் முன்கூட்டியே விண்ணப்பித்துவிடுங்கள்.

எல்லாரும் என்னை "துபாய்"னுதான் கூப்பிடுறாங்க. இங்கிலீஷ் பேசினா சீன் போடுறேன்கிறாங்க, தமிழ் பேசினா சிரிக்கிறாங்க. இப்ப பேசுறதையே விட்டுட்டேன். (பிளஸ் ஒன் மாணவி, கோவை)

கண்ணு, இதுல உன் தப்பு எதுவுமே இல்ல. மொத்த வகுப்பையும் நினைச்சு மலைக்காதே. சிரிக்காத ஒருத்தி கண்டிப்பா இருப்பா. அவகிட்ட தமிழ் நோட்டு கேளு, மத்தியானம் அவ பக்கத்துல உக்காந்து சாப்பிடு. "துபாய்னு கூப்பிடாதீங்க, எனக்குப் பேர் இருக்கு"ன்னு ஒரு தடவை சொல்லிப் பாரு. அதுக்கப்புறமும் தொடர்ந்தா வகுப்பாசிரியர்கிட்ட போ. நேர்ல சொல்லத் தயக்கமா இருந்தா, எனக்கு எழுதினதையே ஒரு தாள்ல எழுதி அவர் கையில குடு.