42 சதவீதத்தில் இறங்கிய ட்ரோன்: குளிர்கால பேட்டரி சந்தேகங்கள்

மார்கழி பிறந்தால் எனக்கு வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் பேட்டரியைப் பற்றித்தான். மலையில் இருப்பவர்கள், மலைக்குக் கிளம்புகிறவர்கள், பனி கொட்டும் ஊர்களில் குடியேறியவர்கள் என்று பலர் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கோத்தகிரி வாசகர்: உறைபனியைப் படம் பிடிக்க காலை ஆறரை மணிக்குத் தலைக்குந்தாவில் ட்ரோனை ஏற்றினேன். 42 சதவீதம் காட்டும்போதே பீப் பீப் என்று கத்திவிட்டுத் தானாக இறங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து ஆன் செய்தால் 38 சதவீதம் இருக்கிறது! பேட்டரி போய்விட்டதா?

போகவில்லை. சார்ஜ் உள்ளேதான் இருந்தது, வெளியே வர முடியவில்லை.

மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்துப் பாருங்கள். பாட்டில் நிறைய எண்ணெய் இருக்கும், ஒரு சொட்டு விழாது. பேட்டரிக்குள் இருக்கும் திரவம் அந்த அளவுக்கு உறையாது, ஆனால் கெட்டியாகும். லித்தியம் அயனிகள் அதற்குள் நீந்தித்தான் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகவேண்டும். குளிரில் அவை மெதுவாகப் போகும், பேட்டரியின் உள்தடை ஏறும். சும்மா வைத்திருக்கும்போது இது தெரியாது. நீங்கள் ஸ்டிக்கை அழுத்தியதும் மோட்டார்கள் ஒரேயடியாகக் கரன்ட் கேட்கும், வோல்டேஜ் சரியும். பேட்டரிக்குள் இருக்கும் ஒரு செல் முழு சார்ஜில் பெரும்பாலும் 4.2 வோல்ட், சராசரியாக 3.7 வோல்ட். அது சட்டென்று 3.3க்குக் கீழே போனால் ட்ரோன் சதவீதத்தைப் பார்த்துக்கொண்டிருக்காது, உயிர் பிழைக்க இறங்கிவிடும். தரைக்கு வந்து மோட்டார் நின்றதும் வோல்டேஜ் பழையபடி மேலே வரும். வீட்டில் நீங்கள் பார்த்த 38 அதுதான்.

நானும் பட்டிருக்கிறேன். ராத்திரி முழுக்கப் பையைக் கார் டிக்கியில் விட்டுவிட்டு, விடிந்ததும் அப்படியே ஏற்றி, முதல் பத்து வினாடியிலேயே ஸ்போர்ட் மோடில் விரட்டினேன். நேராகத் தேயிலைச் செடிக்குள் போய் விழுந்தது. எடுத்து பேட்டரியைக் கழற்றினால், ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த சோடா பாட்டில் மாதிரி கையில் சில்லென்று ஒட்டியது. தப்பு முழுக்க என்னுடையது.

அதனால், ராத்திரி பேட்டரி உங்களோடு அறைக்குள் தூங்கட்டும். போகிற வழியில் ஜெர்கினின் உள்பாக்கெட்டில் இருக்கட்டும், ஏற்றுவதற்கு முந்தைய நிமிடத்தில் மாட்டுங்கள். 20 டிகிரிக்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது, செயலியில் பேட்டரி வெப்பநிலை காட்டும். ஏறியதும் தலை உயரத்தில் ஒரு நிமிடம் அப்படியே நிற்கவிடுங்கள். கரன்ட் ஓட ஓட பேட்டரி தானாகச் சூடேறும். சதவீதத்தோடு செல் வோல்டேஜையும் திரையில் வைத்துக்கொள்ளுங்கள். 40 சதவீதத்தில் திரும்பி வந்துவிடுங்கள், 20 வரை இழுப்பதெல்லாம் சித்திரை மாதத்துக் கணக்கு.

இன்னொன்று: மூடுபனிக்குள் விடவே விடாதீர்கள். ப்ரொப்பெல்லரில் ஐஸ் படிந்தால் பேட்டரி எவ்வளவு நல்லதாக இருந்தும் பயனில்லை.

ஸ்கார்பரோ (டொராண்டோ) வாசகர்: வெளியே மைனஸ் 8. காற்றோடு சேர்த்தால் மைனஸ் 18 போல இருக்கும் என்கிறது வானிலைச் செய்தி. என் ட்ரோன் மைனஸ் 10 வரைதான் தாங்குமாம். எந்தக் கணக்கை எடுப்பது?

மைனஸ் 8ஐ எடுங்கள். 'போல இருக்கும்' என்பது உங்கள் தோலுக்கான கணக்கு. காற்று பேட்டரியைச் சீக்கிரம் குளிர வைக்கும், ஆனால் மைனஸ் 8க்குக் கீழே கொண்டுபோக அதனால் முடியாது.

ஆனாலும் காற்றை அலட்சியம் செய்யவேண்டாம். முதலில் எதிர்க்காற்றில் போங்கள், வரும்போது காற்று தள்ளிக்கொண்டு வரட்டும். மாற்றிச் செய்கிறவர்கள்தான் வீட்டுக்கு அரை கிலோமீட்டர் முன்னால் யாரோ ஒருவர் கூரையில் இறக்குகிறார்கள். உங்கள் மாடலுக்கு உண்மையிலேயே மைனஸ் 10தானா என்று ஒருமுறை கையேட்டைப் பார்த்துவிடுங்கள். சீனாவின் டிஜேஐ நிறுவனம் செய்யும் மினி 3 ட்ரோனுக்கு மைனஸ் 10, பழைய மினி 2க்கு வெறும் பூஜ்யம். மினி 3 பெட்டியில் பறக்கும் நேரமாகப் போட்டிருக்கும் 38 நிமிடம் காற்றே இல்லாத இடத்தில் சீரான வேகத்தில் பறக்கவிட்டு அளந்தது. ஜனவரி டொராண்டோவில் அதை மறந்துவிடுங்கள்.

ஓஸ்லோ வாசகர்: வடதுருவ ஒளியைப் படம் எடுக்கப் போகிறேன். ஒரு பேட்டரி தீர்ந்ததும் காரிலேயே சார்ஜ் போட்டுக்கொண்டு அடுத்ததை ஏற்றலாமா?

காருக்குள் சூடு இருந்து, பேட்டரியும் சூடாகியிருந்தால் போடலாம். இல்லையென்றால் கூடாது. இந்தப் பகுதியில் நான் கறாராகச் சொல்லும் ஒரே விஷயம் இதுதான்: குளிரில் பறக்கவிட்டால் அன்றைய ஷூட்டிங்தான் கெடும், குளிரில் சார்ஜ் போட்டால் பேட்டரியே கெடும்.

சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் கிராஃபைட் அடுக்குகளுக்குள் நுழைந்து உட்காரவேண்டும். பஸ்ஸில் ஆள் ஏறுவது போலத்தான். உள்ளே நகர்ந்து இடம் பிடித்தால் சிக்கலில்லை. குளிரில் உள்ளே நகர்வது மெதுவாகும், பின்னால் இருப்பவர்களோ தள்ளிக்கொண்டே இருப்பார்கள். கூட்டம் படிக்கட்டில் தொங்கும். அப்படி கிராஃபைட்டின் மேற்பரப்பிலேயே லித்தியம் உலோகமாகப் படிந்துவிடும். பிறகு பேட்டரியைச் சூடாக்கினாலும் போன கொள்ளளவில் பெரும்பகுதி திரும்பாது. அந்தப் படிவு ஊசி போல வளர்ந்து நடுவில் இருக்கும் தடுப்பைத் துளைத்தால் உள்ளேயே ஷார்ட் ஆகும். தீப்பிடிப்பது அங்கேதான்.

டிஜேஐ போன்ற ஸ்மார்ட் பேட்டரிகள் 5 டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்க மறுக்கும். 'சார்ஜர் கெட்டுப்போச்சு' என்று திட்டாதீர்கள், அது உங்களைக் காப்பாற்றுகிறது. எஃப்பிவி ட்ரோன்களில் (கண்ணாடி மாட்டி, ட்ரோனின் கேமரா வழியே பார்த்து ஓட்டுபவை) போடும் சாதாரண லிப்போ, அதாவது லித்தியம் பாலிமர் பேக்குகளுக்கு அந்தப் புத்தி கிடையாது, கொடுத்ததை வாங்கிக்கொள்ளும். தொட்டால் மேலே வெதுவெதுப்பாக இருந்தாலும் நடுசெல் குளிர்ந்தே இருக்கும், ஆகவே ஓரிரண்டு மணிநேரம் அறைச்சூட்டில் விடுங்கள். அதைவிட, நாலு பேட்டரி எடுத்துப்போய் சார்ஜ் போடுகிற வேலையையே ஹோட்டலில் வைத்துக்கொள்வது சுலபம்.

அவரே: ஹேர் டிரையரால் சூடாக்கலாமா?

வேண்டாம். அடுப்பு, கணப்பு, கார் ஹீட்டரின் வாய், எதுவும் வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் வேகும். கையைச் சூடாக்கும் பொட்டலங்களைத் துணி சுற்றி பேட்டரிப் பைக்குள் வைக்கலாம், நேராக ஒட்ட வைக்காதீர்கள். டிஜேஐயின் மேட்ரிஸ் 300 போன்ற பெரிய ட்ரோன்களின் பேட்டரி தன்னைத்தானே சூடாக்கிக்கொள்ளும், மைனஸ் 20 வரை பறக்கும்.

செவ்வாயில் பறந்த நாசாவின் குட்டி ஹெலிகாப்டர் இன்ஜெனுயிட்டிக்கும் இதே தலைவலிதான். ஆறு லித்தியம் அயனி செல்கள், ராத்திரிக் குளிர் மைனஸ் 90 டிகிரி வரை. 2021 ஏப்ரல் 19இல் முதன்முதலில் எழும்பி, 2024 ஜனவரி வரை 72 முறை பறந்தது. சோலார் பலகை சேர்த்த மின்சாரத்தில் பெரும்பகுதி பறக்கவே போகவில்லை, ராத்திரி கணப்புக்கே போனது.

மதுரை வாசகர்: லடாக் போகிறோம். விமானத்தில் பேட்டரியை எப்படி எடுத்துப் போவது? அங்கே வேறென்ன கவனிக்கவேண்டும்?

உபரி பேட்டரிகள் கைப்பையில்தான் போகவேண்டும், செக்-இன் லக்கேஜில் கூடாது. ஒரு பேட்டரி 100 வாட்-மணிக்குள் இருந்தால் பொதுவாகத் தனி அனுமதி தேவையில்லை. ஆம்பியர்-மணியை வோல்ட்டால் பெருக்கினால் கிடைக்கும்: டிஜேஐயின் மேவிக் 3 ட்ரோனுக்கு 5 × 15.4, அதாவது 77. முனைகளில் டேப் ஒட்டி, தனித்தனிப் பையில் போடுங்கள்.

லே நகரமே சுமார் 3,500 மீட்டர் உயரம். காற்றழுத்தம் மதுரையில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். மெல்லிய காற்றில் அதே எடையைத் தூக்க ப்ரொப்பெல்லர் வேகமாகச் சுழலவேண்டும், கரன்ட் கூடுதலாக இழுக்கும். குளிரும் சேர்ந்தால் இரட்டை அடி. மினி 3க்கு சாதாரண பேட்டரியோடு 4,000 மீட்டர்தான் உச்சவரம்பு, கர்துங் லா கணவாயெல்லாம் அதற்கு மேலே. எல்லை மாவட்டம் என்பதால் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் சிவப்பு மண்டலங்களை (அனுமதியில்லாமல் ட்ரோன் பறக்கக் கூடாத இடங்கள்) பார்க்காமல் எதையும் ஏற்றாதீர்கள்.

சென்னை வாசகர்: எங்கள் ஊரில் குளிரே கிடையாது. வெயிலில் பேட்டரி கெடாமல் இருக்க ஃபிரிட்ஜில் வைக்கலாமா?

ஐடியா தப்பில்லை, ஃபிரிட்ஜ்தான் தப்பு. வெளியே எடுத்ததும் சென்னைக் காற்றில் பேட்டரி மேல் வியர்த்துக் கொட்டும், அவசரத்தில் அப்படியே சார்ஜில் போடுவீர்கள். பனியிலிருந்து வீட்டுக்குள் ட்ரோனைக் கொண்டுவரும்போதும் இதே வியர்வைதான், பையின் ஜிப்பைத் திறக்காமல் ஒரு மணிநேரம் விட்டால் போதும்.

வெயில் படாத அலமாரியில், செல்லுக்கு 3.8 வோல்ட், அதாவது பாதி சார்ஜ் போல வைத்து மூடுங்கள். முழு சார்ஜோடு மாதக்கணக்கில் வைத்தால்தான் உப்பும். உப்பி, ட்ரோனுக்குள் டைட்டாகப் போகிற பேட்டரியை 'இந்த ஒரு தடவை' என்று அழுத்தி மாட்டாதீர்கள். குத்திக் காற்றை எடுக்கவும் பார்க்காதீர்கள், முனைகளில் டேப் ஒட்டி மின்கழிவு வாங்குகிறவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.