கேளுங்கோ, சொல்லுறன்: பழைய போர் விமானமும் எங்கட சீனக்குடாவும்

போன இதழில திருகோணமலை சீனக்குடா விமான ஓடுபாதையப் பற்றி சும்மா ரெண்டு வரி எழுதினதுக்கு இவ்வளவு கடிதம் வரும் எண்டு நினைக்கேல்ல. எல்லாத்துக்கும் இடம் காணாது, அஞ்சு கேள்விய மட்டும் எடுத்திருக்கிறன்.

வாசகர், சீனக்குடா: ஐயா, லண்டன்ல இருக்கிற மகன் ஸ்பிட்ஃபயர் எண்ட ரெண்டாம் உலகப்போர் காலத்து பிரிட்டிஷ் போர் விமானம் ஒண்டு பறக்கிற வீடியோ அனுப்பினவன். 80 வருசம் பழசாம். எங்கட கடல் காத்துக்கு சைக்கிளே பத்து வருசத்தில உக்கிப் போகுது, இது மட்டும் எப்பிடி?

சரியான இடத்தில பிடிச்சிட்டீங்கள். அந்த பிளேனும் உக்கித்தான் இருந்திருக்கும். அலுமினியத் தகடு வெளிய பளபளப்பா இருக்கும், உள்ளுக்குள்ள படை படையா உரிஞ்சு போயிருக்கும், மக்னீசியத்தில செய்த சாமான் எண்டா உப்புப் பட்டா மாவாவே கொட்டிரும். அதால திருத்திறாக்கள் கடைசி றிவெட் (தகடுகள இணைக்கிற ஆணி) வரைக்கும் கழட்டி, பழைய வரைபடத்த தேடி எடுத்து, சட்டம் ஒண்டு அடிச்சு அதுக்குள்ள வச்சுத்தான் திரும்பக் கட்டுவினம், செட்டைக்கு முதுகெலும்பு மாதிரி இருக்கிற ஸ்பார் அநேகமா புதுசு, றிவெட் எல்லாம் புதுசு, தகட்டில பெரும்பங்கு புதுசு. பிறகென்ன பழசு எண்டு கேப்பீங்கள். எங்கட ஆக்கள் அப்பா காலத்து வள்ளத்துக்கு இந்த வருசம் ரெண்டு பலகை அடுத்த வருசம் ஒரு பலகை எண்டு மாத்தி மாத்தி கடைசியில பேர் மட்டும்தான் பழசா நிக்கும், ஆனா அத ஆராவது புது வள்ளம் எண்டு சொல்லுவினமோ? அங்கயும் அதுதான் கதை, இலக்கத் தகடும் பதிவுப் புத்தகமும் தொடர்ச்சியா இருந்தா அது அதே விமானம். இதில வாதாடி ஒருத்தரோட ஒருத்தர் பேசாமலே போன ரசிகர்மாரும் இருக்கினம்.

எஞ்சின் வேற கதை. ஸ்பிட்ஃபயர் கனக்க வகையில இருக்கிறது மேர்லின் எஞ்சின், 12 சிலிண்டர், 27 லீற்றர். உங்கட 100 சிசி மோட்டசைக்கிள் 270 ஐ ஒண்டாக் கட்டின அளவு எண்டு வச்சுக்கொள்ளுங்கோ.

ஆனா எங்கட ஊருக்கு சொந்தக்காரன் ஸ்பிட்ஃபயர் இல்ல, அதே காலத்து மற்றப் போர் விமானம் ஹரிக்கேன். 1942 ஏப்ரல் 9 ஜப்பான்காரன் திருகோணமலைக்கு குண்டு போட வந்த அண்டைக்கு சீனக்குடாவில இருந்து எழும்பினது பிரிட்டிஷ் விமானப்படையின்ட 261ம் ஸ்குவாட்ரன் (விமான அணி) ஹரிக்கேன்கள்தான். அதுக்கு உடம்பு இரும்புக் குழாய், மேல மரச் சட்டம், அதுக்கு மேல லினன் துணிய இழுத்துக் கட்டி டோப் எண்ட பூச்சு அடிச்சா துணி மேளத்தோல் மாதிரி விறைச்சு நிக்கும். 14,000க்கு மேல கட்டினவை, இண்டைக்கு பறக்கிறது இருபதுக்குள்ள. திருத்திறதுக்கு ஸ்பிட்ஃபயர விட கரைச்சல் கூட, ஆனா சனம் கை தட்டுறது மற்றதுக்குத்தான். எனக்கு அதில கொஞ்சம் வயித்தெரிச்சல்.

வாசகர், உப்புவெளி: அண்ணை, வெள்ளைக்காரன் போகேக்க சீனக்குடாவில பிளேன புதைச்சுப் போட்டுப் போனவன் எண்டு எங்கட அப்பப்பா சொல்லுவார். தோண்டினா கிடைக்குமோ?

இதே கதை பர்மாவிலயும் இருந்தது. பெட்டியில அடைச்ச ஸ்பிட்ஃபயருகள் ரங்கூன் மிங்கலடோன் விமான நிலையத்தடியில புதைஞ்சு கிடக்கெண்டு வருசக்கணக்கா நம்பி, 2013ல பெரிய எடுப்பா போய்த் தோண்டி, ஒண்டும் கிடைக்கேல்ல. கிடைச்ச கதையும் இருக்கு. 1942 ஜூலையில கிரீன்லாந்து பனியில இறங்கின பி-38 எண்ட அமெரிக்கப் போர் விமானம் ஒண்ட 1992ல கிட்டத்தட்ட 80 மீற்றர் ஆழத்தில இருந்து துண்டு துண்டா எடுத்தவை, நசுங்கிப் போய்த்தான் வந்தது, திரும்பப் பறக்க 2002 ஆகிட்டுது. அது பனி தம்பி, எங்கட ஈர மண்ணில என்ன மிஞ்சும்? அதோட எங்கட பக்கத்தில மண்வெட்டியோட போனா பிளேனுக்கு முதல் வெடிக்காத குண்டுதான் சந்திக்கும். பாக்க ஆசையெண்டா அந்த 1942 தாக்குதலில எரிஞ்ச எண்ணெய்த் தாங்கியப் போய்ப் பாருங்கோ, மிச்சம் 99 நிக்குது.

வாசகர், கிண்ணியா: விழுந்தா ஆள் சாகிற சாமான ஏன் பறக்க விடுறது? மியூசியத்தில வச்சா என்ன?

2015ல இங்கிலாந்து ஷோர்ஹாமில விமானக் காட்சியில ஹன்டர் எண்ட பழைய போர் ஜெட் விழுந்து நிலத்தில இருந்த 11 பேர் செத்தவை. 2022 நவம்பரில அமெரிக்கா டலஸ்ல பி-17 குண்டுவீச்சு விமானமும் பி-63 போர் விமானமும் வானத்திலயே மோதி 6 பேர். உங்களோட சண்டைக்கு வரேல்ல. கனக்க மிஞ்சியிருக்கிற வகையப் பறக்க விடலாம், லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானம் மாதிரி உலகத்திலயே ரெண்டு பறக்கிற சாமான, இங்கிலாந்தில ஒண்டு கனடாவில ஒண்டு, நான் எண்டா கொட்டகைக்குள்ளயே வச்சு மாசத்துக்கு ஒருக்கா எஞ்சின மட்டும் ஸ்டார்ட் பண்ணுவன்.

வாசகி, நிலாவெளி: எங்களுக்கு பிளேன் சத்தம் எண்டாலே வயித்தக் கலக்கும். பங்கருக்குள்ள பிள்ளையளோட ஓடினாக்கள் நாங்கள். இதில என்ன ரசனை உங்களுக்கு?

அக்கா, இந்தக் கடிதத்த நாலு தரம் வாசிச்சன். எனக்கும் தலைக்கு மேல போற சத்தம் இண்டைக்கும் பிடிக்காது, வீடியோவக்கூட சத்தத்தக் குறைச்சுத்தான் பாக்கிறன். எனக்குப் பிடிச்சது மூடியத் திறந்து வச்ச எஞ்சினும், அதுக்குள்ள கையை விட்டு ஒரு சின்னப் பைப்ப தேடுற கிழவன்மாரும். உங்கட பக்கத்து யுத்தக் கல்லறையில விமானக்காரப் பொடியளும் படுத்திருக்கிறாங்கள், வயசப் பாத்தா இருபது இருபத்திரெண்டு. நான் அங்க போற நாளில பிளேனப் பற்றிக் கதைக்கிறேல்ல.

மாணவன், மூதூர்: சேர், நானும் பழைய பிளேன் திருத்த ஆசை. எங்க தொடங்கிறது?

ரத்மலானை விமானப்படை மியூசியத்துக்கு ஒருக்கா போய் சிப்மங்க், ஜெட் புரோவோஸ்ட் எண்ட பழைய பயிற்சி விமானம் எல்லாம் கிட்ட நிண்டு பாரும். படிக்கிறதெண்டா விமானப் பராமரிப்பு படியும், ஆனா அதுக்கு முதல் தகடு வெட்ட, றிவெட் அடிக்க, லேத்தில நிக்கப் பழகும், உலகம் முழுக்க இந்த வேலைக்கு கை தெரிஞ்ச ஆள்தான் தட்டுப்பாடு. ஆசைக்கு முதல் பிளேன் டைகர் மோத் எண்ட சின்னப் பயிற்சி விமானம் எண்டு நினைச்சு வையும், 1931ல வந்தது, 130 குதிரைவலு, பழைய மாடலில பிரேக் கூட இல்ல, முன்னால நிண்டு கையால காத்தாடியச் சுத்தித்தான் ஸ்டார்ட் பண்ணவேணும். அது கிடைக்கிற வரைக்கும் அப்பாட போட் எஞ்சினக் கழட்டிப் பூட்டிப் பழகும். அவர் கடலுக்குப் போறதுக்கு முதல் நாள் வேண்டாம்.