ஒரு சாண் அகலத்தில் ஒரு நோட்டு

கேள்வி: 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயப் பூத்தையல் துணிகளைப் படத்தில் பார்த்தேன். அகலம் ஒரு சாண் இருக்கும், நீளமோ ரிப்பன் மாதிரி ஓடுகிறது. வரிவரியாகப் பூ வேலை. இதை எதற்குப் பயன்படுத்தினார்கள்? ஆங்கில எழுத்து வரிசையில் ‘ஜே’, ‘யு’ இரண்டையும் காணோமே, தைத்தவள் மறந்துவிட்டாளா?

பதில்: மறக்கவில்லை. அந்தக் காலத்து எழுத்து வரிசையில் ‘ஐ’யும் ‘ஜே’யும் ஒன்று, ‘யு’வும் ‘வி’யும் ஒன்று. 24 எழுத்துதான்.

துணி எதற்கு என்றால், மேசையில் விரிக்க அல்ல, சுவரில் மாட்டவும் அல்ல. அது தையல் நோட்டு. பார்த்த டிசைனையெல்லாம் ஒவ்வொரு பட்டையாகத் தைத்துச் சுருட்டி வைத்துக்கொள்வார்கள். சட்டைக் கழுத்துக்கோ தலையணை ஓரத்துக்கோ டிசைன் வேண்டுமானால் பிரித்துப் பார்ப்பார்கள். தறியில் நெய்த லினனைக் குறுக்கே கீற்றாக வெட்டியதால்தான் அந்த வடிவம்; துணியின் அகலம்தான் இங்கே நீளமாகிவிட்டது.

தைத்தவர்கள் பெரும்பாலும் சிறுமிகள். 1660இல் பிறந்த மார்த்தா எட்லின் எட்டு வயதில் வண்ணப் பட்டு நூலில் ஒன்று முடித்தாள். அடுத்த வருஷம் வெள்ளை நூல் வேலை: துணியின் இழைகளை வெட்டி எடுத்துவிட்டு, ஓட்டையைச் சுற்றி வலை பின்னுவது. 1671இல் ஒரு பெட்டிக்கே பூத்தையல் போர்த்தினாள். மூன்றும் இப்போது லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில்.

சில துணிகளில் ஒரு கையைத் தூக்கி நிற்கும் குட்டி மனிதர்கள் வருவார்கள். பிற்காலத்தில் அவர்களுக்கு ‘குத்துச்சண்டைக்காரர்கள்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். பாவம், காதலர்கள் பரிசு கொடுத்து வாங்கும் பழைய டிசைனிலிருந்து வந்தவர்கள் அவர்கள். கையில் இருப்பது பெரும்பாலும் பூ!

எனக்கு வியப்பு இந்தத் துணிகளில் வரும் இரட்டை ஓட்டுத் தையல்தான். போகும்போது ஒரு தையல், ஒரு இடைவெளி என்று ஓட்டுத் தையல். திரும்பும்போது விட்ட இடைவெளியை அதே நூலால் நிரப்ப வேண்டும். முன்னும் பின்னும் ஒரே மாதிரி கோடு விழும். நேர்கோட்டில் சுலபம். கொடி கிளை பிரியும் இடத்தில்தான் சிக்கல்: கிளைக்குள் போய், அதே வழியில் தண்டுக்கு வந்து, பிறகுதான் மேலே போகணும். கிளையை மறந்து நேரே போய்விட்டு, மூன்று முறை பிரித்தேன். நான் முப்பது வருஷமாக ஊசி பிடிக்கிறவள். மார்த்தாவுக்கு எட்டு வயசு!